கார்லைலைக் காப்பாற்றிய கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ்: அந்த கோலுக்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

நெல்லைக் கோலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்குக் கோல்கீப்பராக ஆடுகிறேன். போன வாரம் பயிற்சி முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் தன் கைப்பேசியில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். 1999 மே 8. இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் கடைசி நாள் ஆட்டம். கார்லைல் யுனைடெட் அணிக்கும் பிளிமத் ஆர்கைல் அணிக்கும் 1-1 என்று நிற்கிறது. கார்லைல் வெல்லாவிட்டால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும். கூடுதல் நேரமும் முடிய இன்னும் சில விநாடிகள்தான் இருக்கின்றன. ஒரு கார்னர் கிடைக்கிறது. கார்லைலின் கோல்கீப்பர் மைதானம் முழுவதையும் கடந்து ஓடி வந்து, எதிரணி கோல்கீப்பர் தடுத்து விட்ட பந்தை வலதுகாலால் உள்ளே அடிக்கிறார். அடுத்த நொடி மைதானத்தில் புல் தெரியவில்லை, அத்தனை மனிதர்கள்.

அன்று இரவு அதை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகுதான் அந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததும் மனம் கனத்துவிட்டது. கார்லைலுக்காக அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். 27 வயதில் தொழில்முறை ஆட்டத்தை விட்டுவிட்டார். பிறகு டாக்ஸி ஓட்டினார்.

எனக்குப் புரியவில்லை. ஓர் ஊரின் கிளப்பையே காப்பாற்றிய மனிதரை அந்த ஊர் எப்படிப் போக விட்டது? கோல்கீப்பருக்கு 27 என்பது தொடங்கும் வயது என்றல்லவா சொல்வார்கள்? இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர் என்றாலே வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்று நினைத்திருந்தேன். கீழ் டிவிஷன் ஆட்டக்காரரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வார இறுதி எழுதியது:

நண்பரே, முதல் விஷயம், கிளாஸ் கார்லைல் அணியின் ஆட்டக்காரரே அல்ல. அவருடைய ஒப்பந்தம் ஸ்விண்டன் டவுன் கிளப்பிடம் இருந்தது. கார்லைல் அவரை லோன் முறையில், அந்த சீசனின் கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும் வாங்கியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவர் ஸ்விண்டனுக்குத் திரும்பியாக வேண்டும், திரும்பினார். எனவே கார்லைல் அவரைத் துரத்திவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, இந்த ஒரு கதையை வைத்து மனம் தளராதீர்கள். அதே நான்காம் நிலையில் பந்து உதைத்தவர்தான் ரிக்கி லாம்பர்ட். பதினைந்து வயதில் லிவர்பூல் அவரை வேண்டாம் என்றது. பிளாக்பூலும் விட்டுவிட்ட பிறகு பீட்ரூட்டைப் புட்டியில் அடைக்கும் ஆலையில் கூலி வேலை பார்த்தார். மேக்கில்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று படிப்படியாக வந்து, சவுதாம்ப்டனோடு பிரீமியர் லீக்குக்கே ஏறினார். 2013 ஆகஸ்டில் வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஜெர்சியில் இறங்கி, முதல் முறை பந்தைத் தொட்டதே தலையால் முட்டிய வெற்றி கோல். அப்போது அவருக்கு 31 வயது. பொறுமையாக இருப்பவருக்குக் கதவு திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கோல்கீப்பர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் தூங்கப் போக முடியவில்லை. நானும் இளவயதில் மாவட்ட லீக்கில் கோல்கீப்பராக நின்றவன். வேலை நிமித்தமாக 2006-இல் கார்லைலுக்கு வந்தேன். அன்று முதல் இந்த ஊர் மைதானமான பிரண்டன் பார்க்கில், பேடக் என்னும் நின்று பார்க்கும் பகுதியில், சொந்த மைதான ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை தோறும் நிற்கிறேன். எனவே இது எனக்குப் பக்கத்து வீட்டுக் கதை.

வார இறுதி நண்பர் லாம்பர்ட்டைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் லாம்பர்ட் முன்கள ஆட்டக்காரர். அவரைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கலாம், இன்னொருவருக்குத் துணையாக நிறுத்தலாம், இடம் மாற்றி ஆடவைக்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. இங்கிலாந்தின் முதல் நான்கு நிலைகளில் மொத்தம் 92 கிளப்கள். அப்படியென்றால் ஒரு சனிக்கிழமையில் நாடு முழுக்க 92 கோல்கீப்பர்களுக்குத்தான் வேலை. தொண்ணூற்று மூன்றாவது ஆள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், திங்கள் முதல் வெள்ளி வரை விழுந்து எழுந்து பயிற்சி செய்துவிட்டு, சனிக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முன்னால் இருப்பவருக்குக் காயம்பட வேண்டும், அல்லது அவர் சறுக்க வேண்டும். தன் வேலைக்காக இன்னொருவர் விழுவதை எதிர்பார்த்து இருக்க வேண்டிய நிலை இருக்கிறதே, நல்ல மனம் உள்ளவனை அது உள்ளுக்குள் அரித்துவிடும். இரண்டு ஆண்டு நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் இல்லாத ஆட்டத்திலேயே அது என்னை வாட்டியது. அதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது கிளாஸின் வாழ்க்கைக்கு வருகிறேன். 1973-இல் லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற ஊரில் பிறந்தவர். கிரிஸ்டல் பேலஸ் கிளப்பில் வளர்ந்தார். அங்கே முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. போர்ட்ஸ்மத்தில் லோனில் சில ஆட்டங்கள். 1996-இல் போர்ன்மத்துக்குப் போன பிறகுதான் அவர் உண்மையான கோல்கீப்பர் ஆனார். இரண்டு சீசன்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள். அந்தக் காலத்தில் போர்ன்மத் மூன்றாம் நிலையில் இருந்த ஏழைக் கிளப். 1997 ஜனவரியில் கடனில் மூழ்கி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. ஊர் மக்கள் விண்டர் கார்டன்ஸ் அரங்கில் கூடி, வாளி ஏந்திக் காசு சேர்த்துக் கிளப்பை மீட்டார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத அணியின் வலையைக் காத்தவர் கிளாஸ்.

அடுத்த ஆண்டு, 1998 ஏப்ரல் 19, அதே போர்ன்மத் அணி வெம்பிளியில் கீழ் டிவிஷன் கிளப்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நின்றது. எதிரணி கிரிம்ஸ்பி டவுன். போர்ன்மத் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் கிரிம்ஸ்பிக்குக் கிடைத்த சமன் கோல், கணக்கில் கிளாஸின் பெயரில், சொந்த வலைக்குள் போன கோலாக எழுதப்பட்டது. நீட்டிப்பு நேரத்தில், முதலில் அடிப்பவருக்கே வெற்றி என்ற தங்க கோல் விதிப்படி கிரிம்ஸ்பி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உங்கள் பயிற்சியாளர் காட்டிய வீடியோவுக்கு ஓர் ஆண்டு முன்னால் நடந்தது இது. ஒரே மனிதர், பதின்மூன்று மாதத்துக்கும் குறைவான இடைவெளி, இரண்டு கோல்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரைப் பார்த்ததாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெம்பிளி ஆட்டம் நடந்த 1998 கோடையில் அவர் ஸ்விண்டனுக்குப் போனார். ஸ்விண்டன் இரண்டாம் நிலையில் இருந்தது, அதாவது ஒரு படி மேலே. எந்த ஆட்டக்காரரும் அப்படித்தான் செய்வார். ஆனால் அங்கே அவருடைய இடம் நிலைக்கவில்லை. இருபத்தைந்து வயதில் மறுபடி பெஞ்ச். கீழ் டிவிஷன் ஆட்டக்காரரின் வாழ்க்கையில் திருப்பம் என்று நான் இதைத்தான் சொல்வேன், கோலை அல்ல. ஒவ்வொரு வாரமும் ஆடிக்கொண்டிருந்த இடத்தை விட்டு, ஒரு படி ஏறி, ஆட்டத்தை இழந்துவிடுவது. ஆடாத கோல்கீப்பரை அடுத்த கிளப் கேட்டு வராது. கேட்க வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு கிளப் அவசரத்தில் தவிக்க வேண்டும்.

கார்லைல் தவித்தது. டோனி கெய்க் என்ற தன் கோல்கீப்பரைப் பிளாக்பூலுக்கு விற்றுவிட்டது. டெர்பியிலிருந்து லோனில் வந்திருந்த ரிச்சர்ட் நைட்டை டெர்பி திரும்ப அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு தாண்டிவிட்டதால், லீக்கிடம் சிறப்பு அனுமதி வாங்கித்தான் கிளாஸை அழைத்து வந்தார்கள். வலையில் நிறுத்த ஆளில்லாத ஊருக்கு, நிற்க வலையில்லாத ஆள் வந்து சேர்ந்தார். 1928 முதல் 71 ஆண்டு லீக்கில் இருந்த கிளப் கார்லைல். 1974-இல் முதல் டிவிஷனுக்கே ஏறி, முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று, பட்டியலின் உச்சியில் நின்ற ஊர். ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, பெரிய நகரங்களிலிருந்து விலகி இருக்கும் இந்த ஊருக்கு, நாட்டின் பெயர்ப்பட்டியலில் தன் பெயர் வாரந்தோறும் வருவதே அந்தக் கிளப்பால்தான்.

அந்த நாளில் நான் இங்கே இல்லை. பேடக்கில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பிளிமத் கோல் போட்டது. டேவிட் பிரைட்வெல் தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. பெரியவரிடம் ஒரு சிறிய ரேடியோ. ஸ்கார்பரோவின் ஆட்டம் 1-1 என்று முடிந்துவிட்டது என்று அது சொல்லிவிட்டது. இந்த நிலையே நீடித்தால் ஸ்கார்பரோ தப்பும், கார்லைல் போகும். ரேடியோவை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். அப்போது கார்னர். மேனேஜர் நைஜல் பியர்சன் கையசைக்கிறார். கிளாஸ் ஓடுகிறார். சுற்றியுள்ள எல்லோரும் கார்னர் கொடியைப் பார்க்கிறார்கள். பெரியவர் மட்டும் மறுபக்கம் திரும்பி, காவலுக்கு ஆளில்லாத வெற்றுக் கோலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிளிமத் ஆட்டக்காரர் யாராவது பந்தைத் தூக்கி உதைத்தால் அது உருண்டு உருண்டு உள்ளே போய்விடுமே என்ற பயம் கண்ணை அங்கேயே கட்டிவைத்துவிட்டது. கிரகாம் அந்தோணி கார்னரை அடித்ததையும், ஸ்காட் டோபி தலையால் முட்டியதையும், பிளிமத் கோல்கீப்பர் தடுத்ததையும், விலகி வந்த பந்தைக் கிளாஸ் அடித்ததையும் அவர் பார்க்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் சத்தம் வெடித்தது. அந்த வெற்றுக் கோலைப் பார்த்தபடியே அழுதுவிட்டதாகச் சொன்னார்.

கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. நான் அங்கே நின்றிருந்தாலும் அதையேதான் பார்த்திருப்பேன். கோல்கீப்பராக நின்று பழகியவனுக்கு, ஆளில்லாத கோலைக் காணும்போது வயிற்றில் ஏதோ செய்யும்.

இனி நீங்கள் கேட்டதற்கு. ஊர் அவரைப் போக விட்டதா? ரசிகர்கள் அவரை இன்றுவரை விடவில்லை. ஆனால் ரசிகர்கள் ஒப்பந்தம் போடுவதில்லை. கையசைத்து அழைத்த பியர்சனே அந்தக் கோடையில் கார்லைலை விட்டுப் போய்விட்டார். புதிதாக வரும் மேனேஜருக்கு வேண்டியது பக்கவாட்டிலிருந்து தூக்கி அடிக்கும் கிராஸ்களைப் பிடிக்கும் ஆள், தடுப்பு வரிசையைக் கத்திக் கத்தி ஒழுங்குபடுத்தும் ஆள், சம்பளம் குறைவாகக் கேட்கும் ஆள். கோல்கீப்பர் போட்ட கோலுக்கு அந்தத் தராசில் எடையே கிடையாது. உலகம் முழுக்க ஓடிய அந்த வீடியோவில், கோல்கீப்பராக அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டும் ஒரு நொடியும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஸ்விண்டனுக்குப் பிறகு கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்டு, ஆக்ஸ்போர்டு என்று கிளப்கள் மாறின. ஆடிய ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிறகு லீக்குக்கு வெளியே. 2001-இல், 27 வயதில், போதும் என்று முடிவெடுத்தார். கம்ப்யூட்டர் தொடர்பான விற்பனை வேலை, பிறகு டார்செட் பகுதியில் டாக்ஸி. சூதாட்டப் பழக்கம் தன்னை எவ்வளவு தூரம் இழுத்துப்போனது என்று அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதற்கு எனக்கு அவர்மேல் பெருமதிப்பு. காலையில் பயிற்சி முடிந்தால் நாள் முழுக்க ஓய்வு, குடும்பத்தை விட்டு வேற்றூரில் தங்கல், சனிக்கிழமைக்கு வேலை உண்டா இல்லையா என்ற கவலை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பந்தயக் கடை எத்தனை பேரைத் தின்றிருக்கிறது!

நீங்கள் படித்த கட்டுரை டாக்ஸியோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. 2016-இல் போர்ன்மத் அவரைத் திரும்ப அழைத்தது. வாளியில் காசு சேர்த்துப் பிழைத்த அதே கிளப், அதற்குள் பிரீமியர் லீக்கில் இருந்தது. ஆட்டக்காரர்களுக்கான தொடர்பு அலுவலர் வேலை. புதிதாக வரும் ஆட்டக்காரருக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, குடும்பம் ஊரில் காலூன்ற உதவுவது, களத்துக்கு வெளியே அவருக்கு என்ன தேவையோ அதைக் கவனிப்பது. லோனில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில் தனக்கு எதெல்லாம் தேவைப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அந்த நாற்காலிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

யார்க்‌ஷயர்வாசி எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த ரேடியோவின் மறுமுனையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஸ்கார்பரோவில் ஏழு ஆண்டு குடியிருந்தேன். வடகடலைப் பார்த்த அழகான ஊர். அன்று அங்கே ஆட்டம் முதலில் முடிந்துவிட்டது. தப்பித்துவிட்டோம் என்று ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடினார்கள். அவர்களிலும் பலர் காதில் ரேடியோவை வைத்திருந்தார்கள். கார்லைலிலிருந்து செய்தி வந்த நொடியில் அந்த மகிழ்ச்சி அப்படியே உறைந்துபோனது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழே போனார்கள்.

ஸ்கார்பரோவுக்கும் ஒரு பெருமை உண்டு. கீழ் லீக்கில் முதலிடம் பிடித்தால் நேரடியாக மேலே ஏறலாம் என்ற விதி 1987-இல் வந்தபோது, அந்த வழியாக ஏறிய முதல் கிளப் அதுதான். அப்போதைய மேனேஜர் நீல் வார்னாக். பன்னிரண்டு ஆண்டில் வந்த வழியே திரும்பிப் போனது. லீக்குக்கு வெளியே வருமானம் சுருங்கியது, கடன் ஏறியது, 2007-இல் கிளப்பையே கலைத்துவிட்டார்கள். ரசிகர்கள் சேர்ந்து ஸ்கார்பரோ அத்லெடிக் என்று புதிதாகத் தொடங்கினார்கள். பத்து ஆண்டு சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் ஆடினார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று சூப்பர்மார்க்கெட் நிற்கிறது. நான் அங்கே காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் கோல் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடுவேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1999-இல் கடைசி இடத்துக் கிளப் ஒன்று மட்டும்தான் கீழிறங்கும். 2003 முதல் இரண்டு கிளப்கள் இறங்குகின்றன. 1999-இல் கார்லைல் 23-ஆவது, ஸ்கார்பரோ கடைசி இடமான 24-ஆவது. இன்றைய விதி அன்றே இருந்திருந்தால், அந்த கோலை அடித்தும் கார்லைல் கீழேதான் போயிருக்கும். ஒரு மனிதரின் பெயர் நிலைக்கவும் ஒரு கிளப் அழியவும் இப்படி ஒரு வரி விதி போதுமானதாக இருந்திருக்கிறது. ஸ்கார்பரோ அணியிலும் கிளாஸைப் போலவே ஒப்பந்தம் முடியப் போகும் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் தேடிப் படிப்பதில்லை.

நெல்லைக் கோலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவர் போர்ன்மத்தில் வேலைக்குச் சேர்ந்ததைப் படித்ததும் மனம் கொஞ்சம் ஆறியது. வெம்பிளியில் சொந்த வலைக்குள் போன கோலைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. போன மாதம் நானும் ஒரு பின் பாஸைத் தவறவிட்டு அப்படி ஒன்றை வாங்கினேன். அதன்பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் அந்தப் பகுதியை மறுபடி மறுபடி படித்தேன்.

பழைய கோல்கீப்பர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரருக்கு முழுச் சம்பளம் உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் என்ன நடக்கும்? இன்னொன்று, கடைசி நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் நான் முன்னே போகலாமா? எங்கள் பயிற்சியாளர் வீடியோவை மட்டும் காட்டிவிட்டு, போகக் கூடாது என்கிறார்.

பழைய கோல்கீப்பர் எழுதியது:

முதலில் ஸ்கார்பரோவைப் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. பேடக்கில் நாங்கள் மே 8-ஐப் பேசும்போது அந்த ஊரை மறந்துவிடுகிறோம். அது சரியல்ல.

தம்பி, பெஞ்சில் இருந்தாலும் ஒப்பந்தச் சம்பளம் உண்டு. ஆனால் கீழ் டிவிஷன் ஒப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளத்தோடு, ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று தனியாக எழுதியிருப்பார்கள். ஆடாதவருக்கு அது வராது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு, ஜூன் கடைசியில் முடியும். சீசன் முடிந்த மே மாதத்தில் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று ஒவ்வொரு கிளப்பும் பட்டியல் வெளியிடும். பிள்ளைகளுக்குப் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கும்.

1961 வரை இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதி இருந்தது. ஆட்டக்காரர் சங்கம் ஜிம்மி ஹில் தலைமையில் போராடி அதை உடைத்தது. 1995-இல் போஸ்மன் தீர்ப்பு வந்தபின், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விருப்பம்போல் போகலாம் என்றானது. இரண்டும் நியாயமான வெற்றிகள். ஆனால் உச்சியில் இருப்பவரை அவை எங்கேயோ கொண்டுபோய் வைத்தன. அடியில் இருப்பவருக்கு விருப்பம்போல் போகலாம் என்றால், பல சமயம் போக இடமில்லை என்றுதான் பொருள். கிளாஸ் விலகியதற்கு மறு ஆண்டே, 2002-இல், கீழ் டிவிஷன்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருந்த ஐடிவி டிஜிட்டல் நொடித்துப்போனது. அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டிருந்த கிளப்கள் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களை வெளியே விட்டன. எல்லோருக்கும் ஒரே கோடையில் வேலை வேண்டும். அவர்களில் கோல்கீப்பர்களும் இருந்திருப்பார்கள், அதே 92 ஜெர்சிகளுக்கு.

கார்லைலும் தப்பிக்கவில்லை. 2004-இல் கீழிறங்கி மறு ஆண்டே திரும்பி வந்தது. 2005 ஜனவரி வெள்ளத்திலும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் பிரண்டன் பார்க் ஏரிபோல் நிரம்பியது. இரண்டாவது வெள்ளத்துக்குப் பிறகு வாரிக் சாலையில் வீட்டு வாசல்தோறும் நனைந்த மெத்தைகளும் கம்பளங்களும் குவிந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2025-இல் மறுபடி லீக்கை விட்டு இறங்கிவிட்டது. இந்த முறை ஓடி வர யாரும் இல்லை. பெரியவர் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் இப்போது அவருடைய பேத்தி நிற்கிறாள்.

உங்கள் சொந்த கோலைப் பற்றி: சாப்பிடாமல் இருக்காதீர்கள். கிளாஸ் வெம்பிளிக்குப் பிறகும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த கிளப்புக்குப் பயிற்சிக்குப் போனார். அடுத்த பயிற்சியில் அதே பின் பாஸை ஐம்பது முறை உங்கள் பக்கம் உதைக்கச் சொல்லுங்கள்.

கார்னருக்குப் போகலாமா? தோற்றுக்கொண்டிருந்தாலோ, அன்று கார்லைல் இருந்ததுபோல் சமன் இருந்தும் பயனில்லை என்றாலோ, அதுவும் கடைசி உதை என்று தெரிந்தால் மட்டும் போங்கள். பயிற்சியாளர் கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். கிளாஸும் பார்த்தார். அந்த வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டு, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள். பிளிமத் தடுப்பு ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். கடைசியாக வந்து சேரும் கோல்கீப்பரைப் பிடிக்க யாரும் இல்லை. அதனால்தான் தடுக்கப்பட்ட பந்து விழுந்த இடத்தில் அவர் தனியாக இருந்தார். எனவே கூட்டத்துக்குள் போய்த் தலையால் முட்ட முயலாதீர்கள். சற்றுப் பின்னால் நின்று, தாமதமாக உள்ளே வாருங்கள். உடலைப் பந்துக்கு மேல் வைத்து அடியுங்கள், சாய்ந்தால் பந்து கிராஸ்பாருக்கு மேலே போய்விடும். போவதற்கு முன் உங்கள் அணியில் வேகமாக ஓடும் ஒருவரை நடுக்கோட்டில் நிறுத்திவிட்டுப் போங்கள். கையுறையைக் கழற்றாதீர்கள். பந்து வெளியே வந்துவிட்டால், திரும்பி ஓடும்போது அதை மாட்ட நேரம் இருக்காது.